ஒரு பக்கத்துக்கு மூன்று அம்பு

போன மாதம் வேலையை ஒப்படைத்தபோது, எனக்குப் பின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப்போகும் நிவேதாவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். இருபத்து மூன்று குறிப்புகள். அலமாரிச் சாவி எங்கே இருக்கும், முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும், மழை பெய்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும் என்பது வரைக்கும். நான் எதையும் பட்டியலாகத்தான் யோசிப்பேன். காய் வாங்கப் போனாலும் கடைகள் இருக்கும் வரிசைப்படி எழுதிக்கொண்டுதான் போவேன்.

இரண்டு நாள் கழித்து நிவேதா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாம் புரிஞ்சுதுங்க. பதினேழாவது மட்டும் தெரியில. 'ஒரு பக்கத்துக்கு மூன்று அம்பு. ஓரத்தில் தொடங்கு.' இதென்னங்க்கா, வில்வித்தையா?"

"அதை ஒரு வரியில சொல்ல முடியாது கண்ணு. எழுதி அனுப்பறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது.

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பது ஆண்டுகள் சிங்காநல்லூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இயங்கிய பயிற்சி மையத்தில், ஆங்கிலம் கற்க வருகிறவர்களுக்கு வேகமாக வாசிக்கவும் குறிப்பெடுக்கவும் சொல்லிக்கொடுத்தேன். இந்த வயதில் ஓய்வு பெற்றேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேலையே ஓய்வு பெற்றுவிட்டது. பத்துப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் கொடுத்தால் அது மூன்று வரியில் சாரத்தைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் எதற்கு வகுப்பு என்று வருகிறவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் போனை அப்படிப் பயன்படுத்துகிறேன். வாசிப்பு வகுப்பை ஸ்போக்கன் இங்கிலீஷுக்குள் வாரம் ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். நிவேதா நடத்தப்போவது அந்த ஒரு மணி நேரத்தை. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பயனர் கையேடு எழுதச் சேர்ந்திருக்கிறேன்.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினியரிங். வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று அந்த மையத்தில் சேர்ந்தேன். இரண்டு மாதப் பயிற்சி. வாசிப்பில் இரண்டு வகை என்றார்கள். முழுப் பக்கத்தையும் மேலோட்டமாகப் பார்த்து எதைப் பற்றியது என்று பிடிப்பது ஒன்று. ஒரே ஒரு தகவலைத் தேடி மற்றதை எல்லாம் தாண்டிப் போவது இன்னொன்று. நான் இரண்டுக்கும் படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். கட்டம், அம்புக்குறி, ஆம், இல்லை. சர்க்யூட் மாதிரி இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மையத்தின் தலைவி ஸ்டெல்லா மேடம். ஐம்பது வயதிருக்கும். முன்பு பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர். அவர் வகுப்பு நடத்தும் முறை மாறவே மாறாது. உள்ளே வந்ததும் எல்லோருடைய பேனாவையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்வார். சமையலறை டைமரை நான்கு நிமிடத்துக்குத் திருகி மேசையில் வைப்பார். முதல் வாசிப்புக்குப் பேனா கிடையாது, விரல் வைத்து வாசிப்பது கிடையாது, பின்னால் திரும்பிப் போவது கிடையாது. டைமர் அடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்தது என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். அதன் பிறகு கேள்வித்தாள் வரும். இரண்டாவது வாசிப்பு கேள்விக்காக. கடைசியில்தான் பேனாவைத் திருப்பித் தருவார். குறிப்பெடுக்க ஒரு துண்டுச் சீட்டு. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"இதுக்குள்ள அடங்கலைன்னா உனக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம், அம்மணி" என்பார். பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் "கண்ணு"தான்.

யாரையும் அவர் மற்றவர்கள் முன்னால் தவறு என்று சொன்னதில்லை. மூக்கில் இருக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். அது ஏறினால் எங்கோ ஏதோ பிழை. கண்டுபிடிப்பது நம் பாடு. ஒன்பது ஆண்டுகளில் எனக்காக அந்தக் கண்ணாடி எத்தனையோ முறை ஏறியிருக்கிறது. நான் சொல்ல வந்தது அதில் ஒரு முறையைப் பற்றி.

நான் சேர்ந்த நான்காம் வருடம், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தங்கமணி அக்கா வந்தார். நாற்பத்தொரு வயது. சொந்த ஊர் வெள்ளகோவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவர் பிளஸ் டூ முடித்ததும் பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து, தையல்காரருக்குக் கைமடித்துக் கொடுத்து, அடுக்கி, கடைசியில் துணி செக்கிங்குக்கு வந்தவர். அந்த மேசையில் மட்டும் பதினாறு வருடம்.

அவர் எதற்கு வந்தார் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொன்னார். கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனி ஊழியர் ஒருவர் பையருடைய தரக் கையேட்டைப் படித்துத் தேர்வு எழுதிப் பாஸானால், பையர் சார்பில் கடைசிப் பரிசோதனை செய்து கையெழுத்திடலாம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கப்பலேறும். தேர்வில் கையேட்டைக் கையிலேயே கொடுப்பார்கள்: நாற்பது பக்கம், ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், எல்லாம் ஆங்கிலத்தில். கம்பெனி தங்கமணி அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தது. ஒரே வாய்ப்பு. பத்து ஞாயிறு இருந்தன.

"டேபிள்ல நிக்கற வயசு முடியப்போகுதுங்க மிஸ்" என்றார். "கண்ணு மங்குனா பேக்கிங்ல டேப் ஒட்ட அனுப்பிப்போடுவாங்க. அதுக்குள்ள இதைப் புடிச்சுப்போடோணும்."

முதல் வகுப்பில் டைமர் அடித்ததும் அவர் மேசைக்குப் போனேன். தாள் முழுக்கச் சிவப்பு. மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாம் சின்னச்சின்ன அம்பு ஸ்டிக்கர். பனியன் கம்பெனிகளில் துணியில் டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது. பேனாவைத்தானே வாங்கி வைத்திருந்தோம்; ஸ்டிக்கரைப் பற்றி விதி ஏதும் இல்லை.

"ஏனுங்க்கா, இதெல்லாம் என்னங்க?"

"தெரியாத வார்த்தைங்க மிஸ். டேமேஜைப் பாத்தா மிசினை நிறுத்தி ஒட்டோணும். ஒட்டாம உட்டா என்ற தலையிலதான் வந்து விடியும்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஸ்டிக்கரு கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வந்ததுங்க. சும்மா எடுத்துட்டு வரல."

நான்கு நிமிடத்தில் அவர் ஆறு வரி தாண்டியிருந்தார். ஒவ்வொரு தெரியாத சொல்லிலும் நின்றிருந்தார்.

அடுத்த வகுப்பிலும் அப்படியே. நான் விளக்கினேன்: எல்லாச் சொல்லும் தெரிய வேண்டியதில்லை, நிற்காமல் போங்கள், தாண்டுங்கள். அவர் தலையாட்டினார், கை தானாக ஸ்டிக்கருக்குப் போனது. மூன்றாவது ஞாயிறு அந்த ரோலை வாங்கிப் பேனா டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு தெரியாத சொல்லின் மேலும் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழாவது வரிக்குக்கூட வரவில்லை. நான்காவது ஞாயிறு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை பதிவேட்டில் எழுதினேன்: ஒன்று, சொல்வளம் போதாது. இரண்டு, பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை. மூன்று, தொடக்க நிலை வகுப்புக்கு மாற்றலாம். தொடக்க நிலை வகுப்பு ஆறு மாதம். அவருக்கு மிச்சமிருந்தது ஆறு வாரம். அது தெரிந்தேதான் எழுதினேன்.

ஸ்டெல்லா மேடம் அதைப் படித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"அம்மணி, அந்தம்மா வேலை செய்யற டேபிளை நீ பாத்திருக்கியா?"

"இல்லைங்க மேடம்."

"பாக்காமயே மூணு பாயிண்ட் போட்டுட்டயா?"

வியாழக்கிழமை அவரே கம்பெனியின் தர மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கி என்னைப் பல்லடம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

செக்கிங் மேசை என்பது சாய்வாக நிறுத்திய வெள்ளைக் கண்ணாடிப் பலகை. அடியில் டியூப் லைட். மேலிருந்து துணி வழிந்து கீழே இன்னொரு உருளையில் சுற்றிக்கொள்ளும். தங்கமணி அக்கா அதன் முன் நின்றிருந்தார். வலது கை நிறுத்தும் பொத்தான் மேல். அவர் கண் துணியோடு ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றார், துணிதான் ஓடியது. எனக்கு வெறும் வெள்ளை மட்டும் தெரிந்தது. சட்டென்று பொத்தானை அழுத்தினார். கடுகளவு ஓட்டை. அதற்கு நேரே ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. மறுபடியும் ஓட்டம்.

பக்கத்து மேசையில் இருந்த பெண் குரல் கொடுத்தார்: "மிஸ்ஸு வந்ததும் தங்கமணிக்கு ஓட்டையெல்லாம் இங்கிலீசுல தெரியுது பாரு!"

"நீ உன்ற ரோலைப் பாரு. கறையோட போகுது" என்றார் தங்கமணி அக்கா, திரும்பாமலே.

கொஞ்ச நேரத்தில் நானே ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டேன். துணியின் விளிம்பை ஒட்டி, நல்ல பெரிது. அவர் நிறுத்தவில்லை. அது உருளைக்குள் போய்விட்டது.

"அக்கா, அது ஓட்டைதானுங்களே?"

"ஓட்டைதானுங்க மிஸ்."

"ஏன் நிறுத்தலைங்க?"

"ஓரத்துலதான இருக்குது. கட்டிங்ல போயிரும்."

உடல், கை, கழுத்து என்று அச்சு வைத்து வெட்டும்போது ஓரத்துத் துணி எப்படியும் கழிவுதான். அதற்காக மிஷினை நிறுத்தினால் ஒரு நாளைக்குப் பாதி ரோல்கூடத் தாண்டாது என்று விளக்கினார். பிறகு அவரே இன்னொன்றைக் காட்டினார். முடியளவு மெல்லிய நேர்க்கோடு, துணியின் நீளத்துக்கு. "இது நீடில் லைனுங்க. நிட்டிங்ல ஊசி போனா வாரது. ரோல் பூராம் ஓடும். இதைப் பாத்தா மட்டும் அப்பவே நிறுத்திப்போடோணும்."

அதாவது அவருக்குத் தாண்டிப் போகத் தெரியும். பதினாறு வருடமாக எட்டு மணி நேரமும் அதைத்தான் செய்கிறார். எதைத் தாண்டலாம் என்று தாளில் அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் என் பட்டியலை எழுதினேன். மூன்று வரி அடங்கியது.

ஐந்தாவது ஞாயிறு ஸ்டிக்கர் ரோலைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் முதல் பக்கத்துக்கு என்று அதிலிருந்து மூன்றை மட்டும் கிழித்து அவர் கையில் வைத்தேன். "ஒரு பக்கத்துக்கு மூணுதானுங்க்கா. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போற வார்த்தை தெரியலைன்னா, கட்டிங்ல போயிரும். எல்லாப் பத்தியிலும் திரும்பத் திரும்ப வந்தா அது நீடில் லைன், நிறுத்தி ஒட்டுங்க. அளவு, எண்ணிக்கை, கூடாதுங்கற விசயம், இதெல்லாம் நடு நெஞ்சுல விழற ஓட்டை. அதையும் ஒட்டுங்க."

அவர் மூன்று ஸ்டிக்கரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மூணே மூணா? கல்யாண ஊட்டுல அப்பளம் வெக்கற மாதிரி வெக்கறீங்களே மிஸ்."

வகுப்பே சிரித்தது. டைமர் ஓடியது. அது அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல: "அட, முடிஞ்சுபோச்சு."

அதன் பிறகு எங்கள் வகுப்பில் அதுவே வழக்கானது. வெளிநாடு போகத் தேர்வெழுதும் நர்ஸ்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், எல்லோரும் மூன்று ஸ்டிக்கர் கேட்டார்கள். யாராவது ஒரு சொல்லில் தடுமாறினால் நாலு பேர் சேர்ந்து, "கட்டிங்ல போயிரும்!" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் சர்க்யூட் படத்தைக் கழற்றிவிட்டு அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினேன். ஸ்டெல்லா மேடம் அதைப் படித்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

எட்டாவது ஞாயிறு மாதிரித் தேர்வு. பையரின் கையேடு போலவே ஒன்றை நானே தயாரித்திருந்தேன். தங்கமணி அக்கா எல்லாக் கேள்விக்கும் பதிலெழுதி, ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். எதிரில் உட்காரவைத்துத் திருத்தினேன். சரி, சரி, சரி என்று போனது. முப்பத்திரண்டாவது கேள்வியில் நின்றேன்.

தொப்பி வைத்த குழந்தை பனியன், ஐந்து வயது அளவு. கழுத்துக் கயிறு இத்தனை நீளம். இந்தச் சரக்கை ஏற்கலாமா, நிராகரிக்க வேண்டுமா? அவர் 'ஏற்கலாம்' என்று எழுதியிருந்தார். கையேட்டில் இருந்த அட்டவணைப்படி அந்த நீளம் சரிதான். அட்டவணையின் மேல் ஒரு அம்புகூட ஒட்டியிருந்தார். ஆனால் அதற்கு அடியில், பக்கத்தின் கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி வைத்திருந்தேன்: இந்த அளவுகள் பெரியவர்கள் உடைக்கு மட்டும், சிறு குழந்தைகள் உடையில் கழுத்துக் கயிறே இருக்கக் கூடாது.

"இந்த வரியைப் பாக்கலையாங்க்கா?"

"பாத்தேனுங்க மிஸ். ஓரத்துல இருந்துச்சு. கட்டிங்ல போயிரும்னு உட்டுப்போட்டேன்."

சொல்லிவிட்டு அந்த வரியை மெல்லப் படித்தார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. அவர் முகம் மாறியது.

"கழுத்துக் கயிறுங்க. சறுக்கு மரத்துல எங்காச்சும் மாட்டுனா கொழந்தை கழுத்தை இறுக்கிப்போடும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பனே மிஸ்."

"இது மாதிரித் தேர்வுதானுங்க்கா. நான் சும்மா எழுதினது."

"உங்களுக்குச் சும்மாங்க." ரோலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எனக்கு இது ஆகாதுங்க மிஸ். பேக்கிங்ல டேப் ஒட்டுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் பரிச்சை எழுதலைன்னு கம்பெனியில சொல்லிப்போடறேன்."

எழுந்து போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாலையைக் கடந்து, பல்லடம் வழியாகப் போகும் கரூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, அதில் ஏறினார்.

அந்த வாக்கியத்தைத் துணியிலிருந்து எடுத்துத் தாளுக்குக் கொண்டுவந்தவள் நான். துணியில் ஓரத்தில் இருப்பது கழிவு. கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் மருந்துச் சீட்டிலும் முக்கியமான விலக்குகள் எல்லாம் ஓரத்தில்தான், பொடி எழுத்தில்தான் இருக்கும். இதை நான் யோசிக்கவே இல்லை. சுவரில் வேறு ஒட்டி வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா மேடம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்த வாக்கியம் உனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு கண்ணு. அதான் எது வரைக்கும் செல்லும்னு பாக்கல. நானும் பாக்கல."

"இப்ப என்னங்க மேடம் பண்றது? புதுசா ஒரு முறை யோசிக்கட்டுங்களா?"

"நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம். போன் பண்ணி மன்னிப்புக் கேளு. அப்பறம் அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு."

புதன்கிழமை கம்பெனியில் டீ இடைவேளை விடும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதி வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. நீங்கள் நான் சொன்னபடிதான் செய்தீர்கள். தயவுசெய்து வாருங்கள். மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் யாரோ டம்ளர் அடுக்கும் சத்தம்.

"மிஸ், நானும் மூணு நாளா நெனச்சுட்டே இருந்தேனுங்க" என்றார். "நீங்க அன்னிக்கு வந்து பாத்தது துணி செக்கிங்குங்க. பீஸ் செக்கிங் நீங்க பாக்கல."

"அது வேறயாங்க்கா?"

"வேறதானுங்க. தைச்சு முடிச்ச பனியனை அப்படிப் பாக்க மாட்டோம். மொதல்ல கழுத்து லேபிளு. அப்பறம் கழுத்துப்பட்டி, கை மடிப்பு, அடி மடிப்பு, பக்கத் தையலு. ஓரத்தைப் பூராம் முடிச்சுப்போட்டுத்தான் நடுவுக்கே வரோணும். பீஸ்ல கட்டிங்ல போறதுக்கு என்னங்க இருக்குது? கட்டிங்தான் எப்பவோ முடிஞ்சுபோச்சே."

எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

"அந்தப் பொஸ்தகம் பீஸுங்க மிஸ். தைச்சு, லேபிள் வெச்சு, நம்ம கைக்கு வந்த பீஸு. அதைப் போயி நான் துணின்னு நெனச்சுப்போட்டேன்."

கையில் பேனா இருந்தது. எழுதத் தோன்றவில்லை. எழுதாமலே அது நினைவில் நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கெழமை வர்றீங்களாங்க்கா?"

"வாரேனுங்க."

ஒன்பதாவது ஞாயிறு வாசிக்கும் முறையை அவர்தான் வகுத்தார். நான் டைமரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் ஓரச் சுற்று. தலைப்பு, அதுதான் கழுத்து லேபிள். பிறகு துணைத் தலைப்புகள், அட்டவணையின் மேல்வரி, அடியில் இருக்கும் பொடி எழுத்து. பொடி எழுத்து இருந்தால் ஒரு அம்பு அதற்கு, கேள்வியே இல்லை. அதன் பிறகுதான் நடுப்பகுதி. அங்கே மட்டும் துணி மாதிரி ஓட்டம். சுவரில் ஒட்டியிருந்த வாக்கியத்தைக் கிழிக்கப் போனேன். வேண்டாம் என்றார் தங்கமணி அக்கா. நாற்காலி மேல் ஏறி, அதற்கு அடியில் ஸ்கெட்ச் பேனாவால் பொடியாக ஒரு வரி எழுதினார்: 'நடுவுல மட்டும்.'

பத்தாவது வாரம் கம்பெனியிலேயே தேர்வு நடந்தது. வெளியே வந்ததும் போன் செய்தார். "எழுதிப்போட்டேனுங்க மிஸ். நாலு கேள்விக்கு ஒண்ணுமே தெரியில. அதுலயே நின்னா மத்தது போயிரும்னு உட்டுட்டேன். அது கட்டிங்ல போகட்டும்." குரலில் சிரிப்பு இருந்தது.

மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. நான்காவது ஞாயிறு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு கவரோடு வந்து வாசலில் நின்றார். ஸ்டெல்லா மேடம் டைமரை நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"பாஸாங்க்கா?" என்றேன்.

"பாஸானது போகட்டுங்க மிஸ். அதுக்கப்பறம் நடந்ததைக் கேளுங்க."

சனிக்கிழமை காலை ஹெச்ஆர் அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். தர மேலாளர், இன்னும் இரண்டு பேர், மேசையில் மைசூர்பா. ஹெச்ஆர் அதிகாரி பணி உத்தரவையும் பேனாவையும் நீட்டியிருக்கிறார்.

"கையெழுத்துப் போடுங்க தங்கமணி, ஸ்வீட் எடுங்க."

"அஞ்சு நிமிசம் குடுங்க சார். படிச்சுப்போட்டுப் போடறேன்."

"பிரமோசன் லெட்டர்ல படிக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"இருக்குதான்னு பாக்கத்தானுங்க சார்."

நின்றபடியே முதலில் ஓரச் சுற்று. இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்து. இந்தப் பதவியில் இருப்பவரை வெளி மாநிலத்தில் உள்ள யூனிட் உட்பட எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம். சம்மதம் இல்லாதவர் ஏழு நாட்களுக்குள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும். அவர் மகள் அந்த வருடம் பிளஸ் டூ. வீட்டில் அவளுக்கு இருப்பது இவர் ஒருவர்தான்.

"சார், இது என்னங்க?"

ஹெச்ஆர் அதிகாரி கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார். அவரும் அன்றுதான் முதல்முறையாகப் படிப்பது போல் இருந்ததாம். "அது எல்லா லெட்டர்லயும் இருக்கறதுதானுங்க. வழக்கமா போடறது."

"இருக்கட்டுங்க சார். நானும் வழக்கமா எழுதிக் குடுக்கறதைக் குடுத்துப்போடறேன்."

அங்கேயே ஒரு தாள் வாங்கி, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, பிறகுதான் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மைசூர்பாவும் எடுத்துக்கொண்டாராம். எங்களுக்கும் கொஞ்சம் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

நிவேதா, பதினேழாவது குறிப்பு இதுதான். பேனா டப்பாவின் அடியில் அந்த ரோல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூன்று மூன்றாகக் கிழித்துக் கொடு. யாராவது கூடக் கேட்டால் கொடுக்காதே.

அன்று தங்கமணி அக்கா கவரிலிருந்து உத்தரவை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூன்றே அம்பு. ஒன்று அந்தப் பொடி எழுத்துக்கு. ஒன்று பொறுப்பேற்க வேண்டிய தேதிக்கு. மூன்றாவது முதல் பக்கத்தின் உச்சியில், அவர் பெயரும் புதிய பதவியும் அச்சாகியிருந்த வரிக்கு நேராக இருந்தது. நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இதுல என்னங்க்கா டேமேஜ்?"

ஸ்டெல்லா மேடத்தின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேமேஜெல்லாம் இல்லைங்க மிஸ்" என்றார் தங்கமணி அக்கா. "மூணு குடுத்தீங்க, ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எப்ப எடுத்துப் பாத்தாலும் இது மொதல்ல கண்ணுல படட்டும்னு ஒட்டுனேன்."